காலண்டர் அட்டையின் பின்புறம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசித் தவலைக்கு மேலே தினசரி காலண்டர் தொங்குகிறது, மளிகைக் கடையில் வருடாவருடம் கொடுப்பது. அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு முழுத்தாள் ஒட்டியிருக்கும். கறுப்பு மார்க்கரில் பெரிய எழுத்து, கண்ணாடி போடாமல் டார்ச் வெளிச்சத்தில் படிக்கிற அளவு. மனம் உடைந்து ஒருவர் உயிருக்கே ஆபத்தாகிற நேரத்தில் யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது, எங்கே போவது என்பது அந்தத் தாளில் இருக்கிறது. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் நீங்களே இப்போது அந்த நிலையில் இருந்தால் என் கதையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. பேச வாய் வரவில்லை என்றால் பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பி, "என்னைத் தனியாக விடாதீர்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் எல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நான் முப்பத்தொரு வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். தம்பி எனக்குப் பதினாறு வயது இளையவன், இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "ஊர்ப் பேரைப் போடாதே, மற்றதெல்லாம் போடு" என்றான்.

முதல் தடவை ஐப்பசி மாதம். அடைமழை, கரண்ட் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அவன் சரியில்லை. கடன் நெருக்கடி, தூக்கமில்லை, கடையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். கடைசி வாரத்தில் மட்டும் திடீரென்று முகம் தெளிந்தது. "பாரு, சரியாகிவிட்டான்" என்று நான் அவன் மனைவியிடம் சொன்னேன். அந்த வாரத்தில்தான் மூன்று பேருடைய மோட்டாரை வேலை முடிக்காமலே அட்வான்ஸ் பணத்தோடு திருப்பிக் கொடுத்திருக்கிறான். கைக்கடிகாரத்தைக் கழற்றி என் பேரனுக்குக் கட்டினான். "அக்கா, உனக்கு நிறையக் கஷ்டம் கொடுத்துவிட்டேன், மன்னித்துவிடு" என்றான். நான், "போடா, போய்ச் சாப்பிடு" என்றேன். வாடியிருந்தவர் காரணமில்லாமல் தெளிந்தால், கணக்கு வழக்கை முடித்தால், பிடித்த பொருளைக் கொடுத்துவிட்டால், மன்னிப்புக் கேட்டால், அது குணமாகிவிட்ட அறிகுறி என்று நம்பிவிடாதீர்கள். முடிவு எடுத்துவிட்டவரின் அமைதியாகவும் அது இருக்கலாம். இதை எனக்கு மருத்துவர் பிறகுதான் சொன்னார்.

ஒரு மணிக்கு அவன் மனைவி நனைந்துகொண்டு ஓடி வந்தாள். மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறான், வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறான், விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறான் என்றாள். அப்போது நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன், அத்தனையும் செய்யக்கூடாதவை. முதலில் சித்தப்பாவுக்குப் போன். அவர் வந்து, "ஓர் அறை விட்டால் தெளிந்துவிடும்" என்றார், விட்டும் விட்டார். பிறகு மச்சான்கள் இருவருக்குப் போன். ஒருவர் காற்றுக் கருப்பு என்றார், இன்னொருவர் மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். இரண்டரை மணிக்கு வேன் பிடித்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கேட்டில் இருந்தவர், "மனநல டாக்டர் காலை ஒன்பது மணிக்குத்தான்" என்று கேட்டைத் திறக்கவே இல்லை. மழையில் நின்றபடி மறுபடியும் யாருக்குப் போன் செய்யலாம் என்று யோசித்தோம். கடைசியில் வேன்காரர்தான், "ஏன் அலைகிறீர்கள், மெடிக்கலுக்கே போய்விடுவோம்" என்று தஞ்சாவூருக்கு ஓட்டினார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எங்கள் பக்கம் மெடிக்கல் என்றுதான் சொல்வோம். உள்ளே நுழையும்போது நாலரை.

அங்கே டூட்டியில் இருந்த டாக்டர் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஸ்டூலைத் தம்பிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "செத்துப்போய்விடலாம் என்று நினைத்தீர்களா?" என்று கேட்டாள். தம்பி உடனே, "ஆமாம்மா" என்றான். இரண்டு மாதமாக நாங்கள் ஏழு பேர் சேர்ந்து சுற்றிச் சுற்றிக் கேட்டும் சொல்லாததை ஒரே கேள்விக்குச் சொன்னான்.

அதனால் முதல் வேலை கேட்பது. "உனக்கு என்ன குறை", "ஏன் இப்படி இருக்கிறாய்" என்று சுற்றாதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே புழுங்கிக்கொண்டிருப்பவருக்கு யாராவது கேட்டார்களே என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி: "எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா, இன்றைக்கேவா?" அதற்கும் ஆமாம் என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடத்திலிருந்து அவரைத் தனியாக விடக் கூடாது, கழிவறைக்குப் போனாலும் கதவைத் தாழிட விடாமல் வெளியே ஒருவர் நிற்க வேண்டும்.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்வதும் ஒரு வேலைதான், எனக்கு அது கடினம். "உன் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா", "இதைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இல்லையா" என்பதெல்லாம் நமக்கு ஆறுதல் மாதிரி இருக்கும், அவருக்கு இன்னொரு குற்றச்சாட்டு. "சொல்லு, கேட்கிறேன், நான் இங்கேதான் இருப்பேன்" என்றால் போதும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது.

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வீட்டைச் சுற்றி வர வேண்டும். பூச்சிமருந்து, மாத்திரை டப்பாக்கள், கூர்மையானவை எல்லாம் அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒளித்து வைப்பது போதாது, உங்கள் வீட்டில் எது எங்கே இருக்கும் என்று அவருக்கும் தெரியும். நெஞ்சு கொதிக்கிற அந்தச் சில மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பலர் தப்பித்துவிடுகிறார்கள். தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் சென்னையில் சினேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவும் கடலூர் மாவட்டக் கிராமங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவாக வங்கி லாக்கர் மாதிரிப் பெட்டிகளில் பூட்டி வைக்கிற ஏற்பாடு. இப்போது எங்கள் வீட்டு மருந்து டப்பாக்களும் மூன்று வீடு தள்ளி ஒருவர் களத்து அறையில் பூட்டியிருக்கின்றன. வயலுக்கு அடிக்கிற அன்று வாங்கி, அன்றே மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

யாரைக் கூப்பிடுவது

என் தாளில் மேலே இரண்டு எண்கள்தான் பெரிதாக இருக்கும். 108, 14416. எதை எப்போது என்பதில் குழப்பம் வேண்டாம். ஏதாவது விழுங்கிவிட்டார், காயப்படுத்திக்கொண்டார், மயங்கிக் கிடக்கிறார், கையில் ஆயுதம் வைத்திருக்கிறார், அடக்க முடியவில்லை என்றால் யோசிக்காமல் 108. ஆள் பேசுகிறார், உட்கார்ந்திருக்கிறார், ஆனால் பேச்சு பயமாக இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை என்றால் 14416.

108-ல் எடுத்தவுடன் கதை சொல்லத் தொடங்கிவிடுவது நம் பழக்கம். மூன்று வாக்கியம் போதும். "தற்கொலை செய்துகொள்வேன் என்கிறார், உயிருக்கு ஆபத்து. ஆண், நாற்பத்தாறு வயது, மூச்சு இருக்கிறது, பேசுகிறார். இன்ன தாலுகா, இன்ன ஊராட்சி, மாரியம்மன் கோயில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து." அடையாளம் சொல்லும்போது வெளியூர் டிரைவருக்குத் தெரிகிற அடையாளமாகச் சொல்லுங்கள், "பழைய தலைவர் வீட்டுக்குப் பின்னால்" என்றால் அவருக்கு என்ன தெரியும்? ஆயுதம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பிறகு டார்ச்சோடு ஒரு பையனை மெயின் ரோட்டில் நிற்கவைத்து, அவன் எண்ணையும் கொடுங்கள். என் தாளில் எங்கள் வீட்டு முகவரியும் அடையாளமும் எழுதியிருக்கிறது. பிறந்ததிலிருந்து இருக்கிற வீட்டு முகவரி மறக்குமா என்று சிரிப்பீர்கள். முதல் இரவில் மெடிக்கலில் தாலுகா பேரைக் கேட்டபோது தம்பி மனைவி திகைத்துப்போய் அவள் பிறந்த ஊரின் தாலுகாவைச் சொன்னாள்.

14416 மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு நட்புடன் உங்களோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த எண் கிடைக்காவிட்டால் 1800-891-4416. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. அக்காவோ மனைவியோ பக்கத்து வீட்டுக்காரரோ கூப்பிட்டு, "இப்படி ஒருவர் இருக்கிறார், நாங்கள் என்ன செய்யட்டும்" என்று கேட்கலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. சினேகாவின் எண் 044-24640050. அங்கே அறிவுரை மழை பொழியாமல் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், சொன்னது வெளியே போகாது. ஓர் எண் பிஸியாக இருந்தால் அதிலேயே தொங்கிக்கொண்டிராமல் அடுத்ததை அழுத்துங்கள். வீட்டுக்குள் அடி உதையால் பெண் இந்த நிலைக்கு வந்திருந்தால் 181, குழந்தை என்றால் 1098.

விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் என்று ஊரே எதையாவது கொண்டுவரும். எதையும் குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போனால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். டப்பாவையோ மாத்திரை அட்டையையோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆள் நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார் என்று திரும்பிவிடவும் கூடாது. சில விஷங்கள் ஓரிரு நாள் சும்மா இருந்துவிட்டு ஈரலையோ சிறுநீரகத்தையோ பிடிக்கும்.

எங்கே போவது

இரவு நேரத்தில் மனநல மருத்துவரைத் தேடி அலையாதீர்கள், திறந்திருக்கிற அவசரப் பிரிவைத் தேடுங்கள். நாங்கள் அந்தக் கேட் முன்னால் மழையில் நின்று நேரத்தை இழந்தது இதனால்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் இருபத்து நான்கு மணி நேர அவசரப் பிரிவும் இருக்கும், மனநலத் துறையும் இருக்கும், இரவில் துறை மருத்துவரைக் கூப்பிட்டு ஒப்பீனியன் வாங்குவார்கள். அது தூரம் என்றால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய் முதலுதவி வாங்கிக்கொண்டு அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. 1794-இல் தொடங்கிய மருத்துவமனை. அதன் பெயரை நாம் வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருப்பதால்தான் பலர் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறார்கள்.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவுப்படி, உயிருக்கு ஆபத்து என்றால் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர மனநலச் சிகிச்சை கொடுக்கலாம், 72 மணி நேரம் வரை. மனநல மருத்துவரே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் கேட்டைத் தட்டியாவது பார்த்திருப்பேன்.

ஊரில் பெரிய பயம் போலீஸ் கேஸ். "தற்கொலை முயற்சி என்று எழுதிவிட்டால் ஜெயில்" என்று சித்தப்பா வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னார். இப்படிப் பொய் சொல்வதால் டாக்டர் தவறான நோய்க்கு மருந்து கொடுத்துவிட்டு அனுப்பிவிடுவார். அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரை மிரட்டிக் காரியம் சாதிக்க முயல்வது மட்டும்தான் குற்றமாக மிச்சம் இருக்கிறது. முயற்சி நடந்திருந்தால் மருத்துவமனையில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவார்கள், புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், போலீஸ்காரர் வந்து விசாரித்து எழுதிக்கொள்வார். நடந்ததைச் சொல்லுங்கள், அவ்வளவுதான். மனநிலை தவறித் தெருவில் திரிகிற ஒருவரைப் பாதுகாப்பில் எடுப்பதும் போலீஸின் கடமை. ஆனால் லாக்கப்பில் அடைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சங்கிலி போடுவதை யாருக்கும் சட்டம் அனுமதிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் செத்தது சங்கிலியால்தான்.

இன்னொன்று, இது சித்தப்பா மாதிரி ஆட்களுக்காக. திடீரென்று புத்தி மாறினால் அது பேயும் இல்லை, பல சமயம் மனநோயும் இல்லை. எங்கள் தெருவில் எழுபத்து நான்கு வயது அம்மா, ஒருநாள் பொழுது சாயும்போது, "கூடத்தில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, காப்பி கொடுக்கவில்லையா" என்று மருமகளைத் திட்டத் தொடங்கினார். கூடத்தில் ஒருவரும் இல்லை. வேப்பிலை, விபூதி, இரண்டு நாள். ரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்திருந்தது. உப்பு ஏற்றிய பிறகு மூன்றாம் நாள் அதே மருமகளைப் பெயர் சொல்லிச் சரியாகத் திட்டினார். காய்ச்சல், சர்க்கரை குறைவது, தலையில் அடி, சிறுநீர்த் தொற்று எல்லாம் இப்படிக் காட்டும். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைப் பார்க்கிறார் என்றால் அது உயிர் போகிற அவசரம். பிரசவமான பெண் முதல் இரண்டு வாரத்தில் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசினாலும் அப்படியே. அவளையும் குழந்தையையும் தனியாக விடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குணசீலத்தை நான் குறை சொல்லவில்லை, நாங்களும் பிறகு போய்ச் சேவித்துவிட்டு வந்தோம். மாத்திரை டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனோம்.

இரண்டாவது இரவு

தாள் வேலை செய்ததா என்று கேட்பீர்கள். எட்டு மாதம் கழித்து, ஆனியில் அது தெரிந்தது. மாத்திரையால் தம்பிக்குக் கை லேசாக நடுங்கியது. காயில் கட்டுகிறவனுக்குக் கைதானே எல்லாம், மெல்லிய தாமிரக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்ட வேண்டும். நடுக்கத்தை டாக்டரிடம் சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருப்பார். அவன் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஆறு வாரத்தில் நேர் எதிராகப் போனான். நான்கு ராத்திரி தூக்கமே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. கடனுக்கு நாற்பது கிலோ கம்பிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். டெல்டா முழுக்க மோட்டார் சப்ளை செய்யப்போவதாக நடுராத்திரி வீதியில் நின்று கத்தினான். தடுத்த மைத்துனனைத் தள்ளிவிட்டான்.

இந்தத் தடவை சித்தப்பாவைக் கூப்பிடவில்லை. அட்டையைத் திருப்பினேன். பதினொன்று இருபதுக்கு 14416. எடுத்தவர் கேட்டது நான்கைந்து கேள்விதான்: எத்தனை நாளாகத் தூக்கமில்லை, மாத்திரை எப்போது நிறுத்தினார், குடித்திருக்கிறாரா, யாரையாவது அடித்தாரா, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா. குழந்தைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள், இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். டி.வி.யை அணைத்தோம். கூட்டத்தைக் கலைத்தோம். ஒருவர் மட்டும்தான் பேச வேண்டும் என்பதால் நான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்தேன், கைக்கெட்டாத தூரத்தில், வாசலை மறைக்காமல். அவன் சொல்கிற பெரிய பெரிய திட்டங்களை மறுத்துப் பேசவில்லை, ஆமாம் போடவும் இல்லை. "அதெல்லாம் சரி, நான்கு நாளாக நீ தூங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. தூக்கத்துக்கு மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றேன். சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இதில் நான் கண்டிப்பானவள். கல்யாணத்துக்குப் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம் என்று ஏமாற்றி வண்டியில் ஏற்றினால் அன்றைக்குக் காரியம் ஆகும், அடுத்த தடவை நீங்கள் கூப்பிட்டால் அவர் வரமாட்டார். நாற்பது நிமிடம் பிடித்தது. இரண்டு தடவை கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு செருப்பை மாட்டினான். 108 வண்டி விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு சைரன் இல்லாமல் வந்தது, போனிலேயே அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பை தயாராக இருந்தது. ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு, காலியான மாத்திரை அட்டைகள், சார்ஜர், லுங்கி, துண்டு, டம்ளர், நூறு ரூபாயாகவும் பத்து ரூபாயாகவும் மாற்றிய பணம். கூட ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில் தேதி, எத்தனை மணி நேரம் தூங்கினான், மாத்திரை, என்ன நடந்தது என்று நான்கு பத்தி. முப்பது வருடம் முட்டை இருப்பும் பருப்பு இருப்பும் எழுதிய கைக்கு இது பெரிய காரியமா? டூட்டி டாக்டர் அந்த நோட்டை ஐந்து நிமிடம் படித்துவிட்டு வேறெதையும் கேட்காமல் நேராகத் துறைக்குப் போன் செய்தார். முதல் தடவை ஏழு பேர் ஏழு விதமாகச் சொன்னதில் ஒரு மணி நேரம் போனது. உள்ளே ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் டீக்கடைக்குப் போகட்டும்.

அவன் நல்லபடி இருந்த மாதங்களில் ஒரு காரியம் செய்து வைத்திருந்தோம். எனக்கு முடியாமல் போனால் என் சார்பில் முடிவெடுக்க என் அக்காவை நியமிக்கிறேன் என்று வெள்ளைத்தாளில் அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டான். நியமனப் பிரதிநிதி என்று அதற்குப் பெயர், அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். அந்த இரவில் மனைவியா, அக்காவா, மாமனாரா யார் கையெழுத்துப் போடுவது என்ற தகராறு வராமல் இருந்ததற்கு அந்த ஒற்றைத் தாள்தான் காரணம்.

பதினெட்டு நாள் வார்டில் இருந்தான், கூட ஓர் ஆள் இருந்தாக வேண்டும், நானும் அவன் மனைவியும் மாறி மாறி. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் ஊர் கலைந்துவிடும், ஆனால் முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. அடுத்த ஓ.பி. தேதியை வாங்காமல் வார்டை விட்டு நகராதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டால் மாத்திரைக்காக மாதாமாதம் ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டியதில்லை. கை நடுக்கத்தை இந்தத் தடவை நானே சொன்னேன். அளவைக் குறைத்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இப்போது மெல்லிய கம்பியும் கட்டுகிறான்.

தாளில் கடைசி வரி, கூப்பிட்டவுடன் வரக்கூடிய மூன்று பேருடைய எண்கள். உறவில் மூத்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. வண்டி வைத்திருப்பவர் ஒருவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், பதறாதவர் ஒருவர். எங்களுக்கு மூன்றாமவர் அந்த வேன்காரர்தான்.

வருடம் பிறந்தால் காலண்டர் மாறும், தாளையும் அப்போது புதிதாக எழுத வேண்டும், எண்களை ஒவ்வொன்றாக அழைத்துச் சரிபார்த்த பிறகு. இந்த ஜனவரியில் தம்பிதான் எழுதினான், அவன் எழுத்து என்னுடையதைவிட அழகு. ஒட்டும்போதுதான் கவனித்தேன். நான் எழுதாத ஒரு பெயரைச் சேர்த்திருந்தான். எல்லாவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில், சித்தப்பாவின் எண். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள்: "காலையில் சொன்னால் போதும்."